கடலை மிட்டாய் வேடம்: அட்டைப்பெட்டியும் பழைய வேட்டியும் கொண்டு வீட்டிலேயே செய்வது எப்படி?

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் நம் ஊர்த் தின்பண்டம் ஒன்றின் வேடத்தில் மேடையேற வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்; பத்து நாள்தான் இருக்கிறது; வாடகைக் கடையில் பார்த்த உடைகள் கனத்த பஞ்சு அடைத்து, வியர்வை வாடையோடு இருந்தன; வீட்டில் தையல் இயந்திரம் இல்லை, கையால் தைக்கத் தெரியும்; இட்லி செய்யலாமா, தோசை செய்யலாமா, எதை வைத்துச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக் குழந்தைகளுக்குக் கைவினை கற்றுக்கொடுப்பதே இத்தனை ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருவதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இட்லியும் வேண்டாம், தோசையும் வேண்டாம். கடலை மிட்டாய் செய்யுங்கள் என்பதே என் யோசனை. இட்லியைத் தட்டில் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் இரண்டடி அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டத்தைச் செய்து குழந்தையின் கழுத்தில் மாட்டினால், பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நிலாவாகவும் தெரியலாம், தலையணையாகவும் தெரியலாம். அதை இட்லி என்று காட்டுவதற்குச் சட்னி, சாம்பார், வாழை இலை என்று மேலும் மூன்று பொருள்கள் செய்ய வேண்டியிருக்கும். தோசையின் அழகு அதன் சுருளிலும் முறுகலிலும் இருக்கிறது. அந்தச் சுருளுக்குள் குழந்தை நின்றால் கையை அசைக்க இடமிருக்காது. கடலை மிட்டாய்க்கோ எந்தத் துணைப்பொருளும் தேவையில்லை. வெல்லத்தின் நிறமும், புடைத்து நிற்கும் பருப்புகளும், நேர்கோட்டில் வெட்டிய விளிம்பும் சேர்ந்தாலே போதும், தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும். அது தட்டையான பண்டம் என்பதால் அட்டைக்கும் இசையும். இன்னொரு பெரிய வசதியும் அதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், எனக்குப் பாடமாக அமைந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்காக, ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குத் தெர்மாகோலில் இட்லி உடை செய்து கொடுத்தேன். பார்ப்பதற்கு மிக நன்றாக இருந்தது. விழா தாமதமாகத் தொடங்கியதால் மேடைக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் அவன் நின்றுகொண்டே இருந்தான், ஏனென்றால் அந்த உடையோடு உட்கார முடியாது. கழற்றலாம் என்றால், முதுகுப்பக்கம் நானே இறுக்கித் தைத்திருந்தேன். அவனுக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்ததை யாரிடமும் சொல்லத் தெரியாமல், பெயரைக் கூப்பிட்டபோது அழுதுகொண்டே மேடைக்குப் போனான். அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வேட உடையைத் தொடங்கினாலும் குழந்தை இதோடு உட்கார முடியுமா, தண்ணீர் குடிக்க முடியுமா, பெரியவர் ஒருவர் பத்து வினாடிக்குள் கழற்றிவிட முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் விடை கண்டுகொண்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறேன்.

நான் சொன்ன அந்த வசதி இதுதான். கடலை மிட்டாய் செய்யும் இடத்தில் பார்த்திருப்பீர்கள்: கொதித்த வெல்லப் பாகில் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டுக் கட்டையால் தட்டையாக்கி, சூடு ஆறுவதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிவிடுவார்கள். ஆறிய பிறகு அந்தக் கோட்டில்தான் துண்டு துண்டாக உடையும். நம் உடையிலும் இடுப்புக்கு நேராக அப்படி ஒரு கீறல் கோட்டை வைத்து, அந்த இடத்தில் அட்டையை இரண்டாக வெட்டி, உட்பக்கம் துணிப்பட்டை ஒட்டி மடியச் செய்துவிட்டால், குழந்தை உட்காரும்போது கீழ்த் துண்டு தானாக மடிமேல் படிந்துகொள்ளும். பார்ப்பவருக்கு அது மிட்டாயின் கீறலாகவே தெரியும்.

முதல் நாள் மாலை அளவெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மகளை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, கழுத்துக்குழியிலிருந்து மடி வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 11 அங்குலம் இருக்கும். மேலே 2 அங்குலம் விட்டுவிட்டால் மேல் துண்டின் நீளம் 9 அங்குலம். பிறகு அவளை நிற்க வைத்து, கழுத்துக்குழியிலிருந்து முழங்காலுக்கு 2 அங்குலம் மேல் வரை அளந்து, அதிலும் மேல் இடைவெளியான 2 அங்குலத்தையும் மேல் துண்டின் 9 அங்குலத்தையும் கழித்தால் கீழ்த் துண்டின் நீளம் கிடைக்கும். அது பெரும்பாலும் 10 அங்குலத்தை ஒட்டி வரும். அகலத்துக்குத் தோளின் அகலத்தோடு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் கூட்டினால் போதும், 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அகலமானால் கைகள் இரு பக்கமும் விரிந்தே நிற்கும், மேடைக்கு ஏறும் படிகளும் அவள் கண்ணுக்குத் தெரியாது. முதுகுப் பலகையை 12 அங்குலத்தோடு நிறுத்திவிடுங்கள். அதைவிட நீண்டால், உட்காரும்போது நாற்காலியின் இருக்கையில் இடித்து உடை முழுவதும் கழுத்துக்கு ஏறிவிடும். முதுகில் எஞ்சும் பகுதியைப் பழுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு மறைத்துவிடலாம். துணி என்பதால் அவள் அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வாள். நான் சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மகளின் அளவையே நம்புங்கள், ஒரே வகுப்பில் படிக்கும் குழந்தைகளுக்குள்ளேயே இரண்டு அங்குலம் வேறுபடும்.

அட்டைக்கு மளிகைக் கடையில் பிஸ்கட் வந்த பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே ஒரு நெளிவுத் தாள் உள்ள மெல்லிய பெட்டியே ஏற்றது. தொலைக்காட்சிப் பெட்டி வரும் கனமான அட்டை வேண்டாம். வெட்டுமுன் அந்த நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். நெளிவுக் கோடுகள் மேலிருந்து கீழாக இருக்கும்படி வெட்டினால், பலகை உடம்பைச் சுற்றி இலேசாக வளைந்து கொடுக்கும். அதேசமயம் மேலிருந்து கீழாக விறைப்பாக நிற்கும். திசை மாறினால் நடுவில் ஒடிந்து வயிற்றின்மேல் தொங்கும். இந்த ஒன்றைக் கவனிக்காததால்தான் வீட்டில் செய்யும் பல அட்டை உடைகள் மேடைக்குப் போவதற்குள் துவண்டுவிடுகின்றன. வெட்டிய பிறகு நான்கு முனைகளையும் சற்று உருட்டிவிடுங்கள். விளிம்பு முழுவதும் துணி நாடா ஒட்டுங்கள். அட்டையின் விளிம்பு கையைக் கீறும், குறிப்பாகக் குழந்தையின் அக்குளில்.

மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் அரை அங்குல இடைவெளி விட்டுத் தரையில் குப்புற வைத்து, 3 அங்குல அகலமுள்ள பருத்தித் துணிப் பட்டையை ஃபெவிகால் தடவி இரண்டையும் சேர்த்து ஒட்டுங்கள். மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். அரை அங்குல இடைவெளி இல்லாவிட்டால் மடியாது, ஓர் அங்குலமானால் நடக்கும்போது கீழ்த் துண்டு ஊசலாடும்.

நிறத்துக்காகப் பெயிண்ட் வாங்க வேண்டியதில்லை. பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் சுருள் ஒன்று போதும். அதை உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கத்தரிக்காமல் கையால் கிழித்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பலகை முழுவதும் ஒட்டுங்கள். தாளைக் கிழிக்கும் இந்த வேலையை மகளிடமே கொடுத்துவிடலாம். கிழித்த விளிம்பு சீராக இல்லாமல் இருப்பதால் ஒட்டிய இடம் தெரியாது. காய்ந்த பிறகு அங்கங்கே சுருக்கம் விழுந்து, ஆறிய பாகின் மேற்பரப்பைப் போலவே இருக்கும். துணி ஒட்டிய மடிப்பின்மேல் மட்டும் தாளை ஒட்ட வேண்டாம், இரண்டு முறை மடித்தால் அங்கே கிழிந்துவிடும். அந்த இடத்தில் அடர் பழுப்புப் போஸ்டர் கலரைத் துணியின்மேலேயே பூசினால் கீறலின் நிழல் போலத் தெரியும். நெடுக்கு வாட்டத்தில் நடுவே இன்னொரு கோட்டையும் அதே நிறத்தில் இழுத்துவிட்டால், நான்கு துண்டுகள் சேர்ந்த ஒரு பாளமாக அமைந்துவிடும்.

இனி வருவது பருப்பு. இந்த உடையின் உயிர் அதில்தான் இருக்கிறது, ஆகவே நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள். வேலையைத் தொடங்கும் முன் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கி மேசையில் வைத்து, மகளும் நீங்களும் சேர்ந்து கூர்ந்து பாருங்கள். வறுத்துத் தோல் நீக்கிய கடலை பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும். வெளிப்புறம் மேலே வந்த பருப்பு வழவழப்பாக, முதுகு வளைந்து தெரியும். உட்புறம் மேலே வந்த பருப்பு தட்டையாக, நடுவில் மெல்லிய ஒரு பள்ளத்தோடும், கூரான முனையில் மூக்குப் போல் ஒட்டியிருக்கும் சிறிய முளையோடும் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் கிடக்காது, ஒன்று பாகில் பாதி மூழ்கியிருக்கும், இன்னொன்று எடுப்பாக நிற்கும். நிறமும் ஒன்றுபோல் இராது, நன்றாக வறுபட்டது சிவந்திருக்கும், மற்றது வெளிறியிருக்கும். இத்தனையையும் ஒரு குழந்தை தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும்; கேட்டுப் பாருங்கள்.

பருப்புக்குத் தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த துணி இல்லை. பாலியஸ்டர் கலந்த துணி சாயத்தைச் சரியாக ஏற்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி தேயிலைத் தூளும் சிறிது உப்பும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வேட்டியை நனைத்துப் பிழிந்து அந்தச் சாயத்தில் போட்டு, ஐந்து நிமிடத்தில் பாதியை வெளியே எடுத்துவிடுங்கள். மீதி அரை மணி நேரம் ஊறட்டும். ஈரத்தில் பார்க்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும், நிழலில் உலர்த்தியதும் இரண்டு படி வெளிறிவிடும், அதனால் பயந்து சீக்கிரம் எடுத்துவிட வேண்டாம். இப்போது இளவறுவலும் முற்றிய வறுவலுமாக இரண்டு நிறத்துணி உங்களிடம் இருக்கும். கடையில் கிடைக்கும் எந்தப் பழுப்புத் துணியிலும் இந்த நிறம் வராது.

6 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள முட்டை வடிவத்தை அட்டையில் வெட்டி, அதை வைத்து வரைந்து முப்பது துண்டுகள் கத்தரியுங்கள். ஒரு துண்டின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே, இரட்டை நூலால் சுற்றிலும் ஓட்டுத் தையல் போடுங்கள். தையல் கொஞ்சம் பெரிதாகவே இருக்கலாம். நடுவில் பழைய தலையணைப் பஞ்சிலோ துணிக் கிழிசலிலோ ஒரு சிறு பிடி வைத்து நூலை இழுத்தால், துணி பையைப் போல் சுருங்கிப் பஞ்சை மூடிக்கொள்ளும். விரலால் நீளவாக்கில் அழுத்தி வடிவத்தைச் சரிசெய்து முடிச்சுப் போடுங்கள். சுருக்கமெல்லாம் பின்னால் போய்விடும், முன்பக்கம் வளைந்த முதுகோடு மூன்றரை அங்குல நீளமுள்ள ஒரு பருப்பு கிடைக்கும். இப்படி இருபத்திரண்டு செய்யுங்கள். மீதி எட்டில் பஞ்சைக் குறைத்துத் தட்டையாக்கி, பின்னாலிருந்து முன்னுக்கு ஊசியைக் கொண்டுவந்து, நடுவே நீளவாக்கில் பழுப்பு நூலை இழுத்துப் பின்னால் முடிந்தால் பள்ளம் விழும். ஒரு முனையில் அதே நூலால் நான்கைந்து தையலை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் அந்த மூக்கு வந்துவிடும். இந்த எட்டுப் பருப்புகள்தான் பார்ப்பவரைக் கிட்டே வரவழைத்துத் தொட்டுப் பார்க்க வைக்கும். ஒன்றுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும், ஆகவே மொத்தம் நான்கு மணி நேரத்து வேலை. நான்கு மாலைகளுக்குப் பகிர்ந்துகொண்டால் சிரமம் தெரியாது.

ஒட்டும்போது வரிசை பிடிக்காதீர்கள். முதலில் முப்பதையும் பசையில்லாமல் முன்பலகையில் பரப்பி, எழுந்து நின்று பாருங்கள், பத்தடி தள்ளிப்போய்ப் பாருங்கள். சில இடங்களில் மூன்று பருப்பு நெருக்கமாகவும், சில இடங்களில் வெல்லம் மட்டும் தெரியும்படியும் இருக்கட்டும். மடிப்பின் குறுக்கே எந்தப் பருப்பும் வரக் கூடாது. இருபுறமும் அரை அங்குலம் தள்ளியே இருக்க வேண்டும். மேல் விளிம்பில், மோவாய்க்கு நேராக, தட்டையான பருப்புகளையே வையுங்கள், தலையைக் குனியும்போது இடிக்காது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பின்புறம் தாராளமாக ஃபெவிகால் தடவி அழுத்தி ஒட்டி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைத்து இரவு முழுவதும் விடுங்கள். சூடான பசைத் துப்பாக்கி இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பசை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும், ஆகவே மகள் தூங்கிய பிறகு அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோலில் வேறு எதையாவது செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சூடான பசையும், கரைப்பான் கலந்த ரப்பர் பசையும், ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும், அதற்கு வெள்ளை ஃபெவிகால் மட்டுமே பொருந்தும்.

முதுகுப் பலகையில் துணிப்பருப்பு வேண்டாம். அவள் சாய்ந்து உட்கார வேண்டும் அல்லவா? ஓர் உருளைக்கிழங்கை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஈரத்தைத் துடைத்து, வெட்டிய பக்கத்தில் இளமஞ்சள் கலந்த வெள்ளைப் போஸ்டர் கலரைப் பஞ்சால் ஒற்றி அச்சு வைத்தால் பருப்பு வடிவம் அச்சசலாக வரும். இதை முழுவதும் மகளே செய்யட்டும். அச்சு கோணலாக விழுந்தால் திருத்தப் போகாதீர்கள், பாகில் பருப்பு கோணலாகத்தான் கிடக்கிறது.

மிட்டாயின் பளபளப்புக்கும் ஃபெவிகாலே போதும். இரண்டு பங்கு ஃபெவிகால், ஒரு பங்கு தண்ணீர், அதில் கால் தேக்கரண்டி பழுப்புக் கலர் கலந்து, பருப்புகளுக்கு இடையிலும் அவற்றின் அடிப்பகுதியிலும் தூரிகையால் பூசுங்கள். பூசும்போது பால் போல் வெளுத்துத் தெரியும், காய்ந்ததும் தெளிந்து பாகின் பளபளப்பு வரும். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததைப் பூச வேண்டும். மூன்று பூச்சு போதும். பருப்பின் உச்சியில் பூசாமல் விட்டுவிட்டால், பாகில் பாதி மூழ்கியது போன்ற தோற்றம் தானாகவே அமையும். இந்தப் பூச்சு தண்ணீர் பட்டால் மீண்டும் வெளுத்துப் பிசுபிசுக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் மேல் ரோஜா, பச்சை, மஞ்சள் நிறத்தில் தேங்காய்த் துருவலைத் தூவுவது வழக்கம். அதற்கு அந்த மூன்று நிறத்திலும் கம்பளி நூலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, முறுக்கைப் பிரித்துவிட்டு, முன்பலகையின் மேற்பகுதியில் கொத்தாகவும் கீழே போகப்போக அருகியும் ஒட்டுங்கள். தலைக்குத் தனியாகத் தொப்பி ஏதும் தேவையில்லை. அவளிடம் உள்ள ஹேர்பேண்டில் அதே கம்பளியை அடர்த்தியாகச் சுற்றிக் கட்டினால் போதும். நெற்றியும் காதும் திறந்திருக்க வேண்டும், ஆசிரியர் கூப்பிடுவது கேட்க வேண்டும். முகத்தில் அக்ரிலிக், போஸ்டர் கலர் எதையும் பூச வேண்டாம். பொட்டும் சிரிப்பும் போதும்.

தோள்பட்டைக்குப் பழைய பருத்திச் சேலையின் கரையை ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். கரை அடர்த்தியான நெசவு என்பதால் இழுபடாது, தோளில் அறுக்கவும் செய்யாது. பலகையின் மேல்பகுதியில் இரண்டு கீறல் போட்டுப் பட்டையை உள்ளே நுழைத்து, பின்பக்கம் துணித் துண்டு வைத்து ஒட்டி, நான்கு தையலும் போடுங்கள், ஏனென்றால் வெறும் பசை பாரத்தைத் தாங்காது. பட்டைகளைக் கழுத்தை ஒட்டி அமைக்காமல், தோளின் நடுவில் படும்படி அமையுங்கள். வலது தோள்பட்டையை நடுவில் வெட்டி வெல்க்ரோ தையுங்கள். இடுப்பின் இரு பக்கமும் முக்கால் அங்குல எலாஸ்டிக்கால் முன்பலகையையும் முதுகுப் பலகையையும் இணைத்து, அவற்றிலும் வலப்பக்கம் வெல்க்ரோ வையுங்கள். இப்படிச் செய்தால் வலது பக்கத்தில் இரண்டு இடங்களை இழுத்தால் போதும், மொத்த உடையும் கதவு திறப்பது போல் திறந்துகொள்ளும். ஊக்கு எங்கும் வேண்டாம். உள்ளே அணிய அடர் நிறப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும் இருந்தால் அதுவே தாராளம்.

முடித்த பிறகு சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அரைக் கிலோவை ஒட்டி இருக்கும்; முக்கால் கிலோவைத் தாண்டினால் பருப்பில் பஞ்சு அதிகம் என்று பொருள். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே அவளுக்கு மாட்டி, வீட்டுப் படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். எங்காவது உரசுகிறது என்று அவள் சொன்னால் அந்த இடத்தில் துணி வைத்துத் தையுங்கள். சும்மா சொல்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள்.

உண்மையான கடலையையோ மிட்டாயையோ உடையில் ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒட்டவே கூடாது. எறும்பு வரும் என்பது சிறிய காரணம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது பெரிய காரணம். அன்று வகுப்பில் கடலை மிட்டாய் பகிர்ந்து கொடுக்க நினைத்தாலும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றியிருப்பார்கள். தாளும் பஞ்சும் துணியும் எளிதில் தீப்பற்றும் என்பதால், விளக்கு இருக்கும் பக்கம் போகாமல் மறுபக்கத்திலிருந்து அவளை ஏற்றி இறக்கும்படி பொறுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

மேடையில் சொல்வதற்கு நீண்ட உரை வேண்டாம். "நான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்து பிறந்தேன். என் கடலைச் செடி மண்ணுக்கு மேலே பூக்கும், மண்ணுக்குள்ளே காய்க்கும். 2020-இல் எனக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது" என்ற அளவு போதும். புவிசார் குறியீடு என்றால் என்ன என்று நடுவர் கேட்டால், இந்தப் பெயரில் இந்த ஊர்ப் பக்கம் செய்வதை மட்டுமே விற்கலாம் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். பூத்த பிறகு பூவின் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில்தான் கடலை காய்க்கிறது என்பதைப் படம் வரைந்து காட்டினால், அந்த வரியை அவள் மனப்பாடமாக ஒப்பிக்காமல் வியப்போடு சொல்வாள்.

பள்ளியில் வேறு பண்டம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால், இதே பலகை, இதே பட்டை, இதே வெல்க்ரோ அமைப்பு பொருந்தும். மேற்பரப்பு மட்டும் மாறும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு என்றால், பழைய சேலையை நான்கு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, உள்ளே துணி அடைத்துக் குழாயாகத் தைத்து, வட்ட அட்டையின்மேல் நடுவிலிருந்து சுருளாகச் சுற்றி ஒட்டலாம். ஆனால் வட்டப் பலகையை மடிக்க முடியாது, ஆகவே அதன் விட்டம் கழுத்துக்குழியிலிருந்து மடி வரையுள்ள அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தர்பூசணித் துண்டு மிக எளிது, ஒரே மாலையில் முடிந்துவிடும். அதற்குச் சிவப்புக் கிரேப் காகிதம் மட்டும் வேண்டாம்; வியர்வை பட்டால் சாயம் இறங்கி உள்சட்டை பாழாகும்.

நிகழ்ச்சியன்று உடையை வீட்டிலேயே மாட்டி அழைத்துப் போகாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் பையில் தட்டையாக வைத்து எடுத்துச் சென்று, அவள் முறைக்குக் கால் மணி நேரம் முன்பு மாட்டினால் போதும். இரு சக்கர வாகனத்தில் போனால் பின்னால் இருப்பவர் பலகையைக் காற்றுக்கு எதிராகப் பிடிக்காமல் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கையோடு ஒரு சிறு பையில் ஃபெவிகால் குப்பி, நூல் கோத்த ஊசி, கத்தரிக்கோல், கூடுதலாகச் செய்த இரண்டு பருப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் ஒன்றிரண்டு பருப்பு உதிர்வது வழக்கம், அந்த இடத்தில் மூன்று தையல் போட்டால் இரண்டு நிமிடத்தில் உடை மேடைக்குத் தயாராகிவிடும்.